ஒரே குளம், எத்தனை பங்கு? அலைகரைப் பறவைகளும் திலாப்பியாவும் விராலும்

மருதநிழல் (தொடக்கப் பதிவு)

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். சென்ற கிழமை மாணவர் பதினொரு பேரை முத்தையன்கட்டுக் குளத்தின் அலைகரைக்கு, அதாவது நீர் ஏறி இறங்கும் ஓரத்துக்கு, அழைத்துச் சென்றேன். சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு முடிந்து குளம் நன்றாக இறங்கியிருந்தது. சேறும் முழங்காலளவு தண்ணீருமாகக் கிடந்த பரப்பில் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், வெண்கொக்கு, குருட்டுக்கொக்கு ஆகியவற்றையும், சற்றுத் தள்ளி ஆழமான இடத்தில் நீர்க்காகத்தையும் கூழைக்கடாவையும் கண்டோம். ஏழு வகைப் பறவைகள் ஒரே தண்ணீரில் நின்றும் ஒன்றையொன்று துரத்தவில்லை.

இனங்கள் ஒவ்வொன்றும் உண்ணும் உணவு, உண்ணும் முறை, நேரம், தாங்கக்கூடிய வெப்பம், இனம்பெருக்கும் இடம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அந்த இனத்தின் 'நிச்' என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். இந்த இழையில் அதனை 'வாழ்பங்கு' என்று எழுதுகிறேன். குளத்தின் கீழ் வயல் வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பங்கு என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை.

அங்கே ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னால் நிறைவான விடை சொல்ல முடியவில்லை. அவளுடைய பேரனார் குளத்து மீன்பிடிகாரர். திலாப்பியா வந்தபின் விரால் அருகிவிட்டது என்று அவர் சொல்வாராம். "இத்தனை பறவைகள் ஒரே குளத்தைப் பங்கிட முடிகிறதென்றால், மீன்களால் ஏன் முடியாமற் போனது?" என்று கேட்டாள். இங்குள்ளவர்கள் தங்கள் அறிவையும் அனுபவத்தையும் எழுதினால் அவளுக்கும் மற்ற மாணவருக்கும் வாசித்துக் காட்டுவேன்.

கனகராயன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பறவைகளைப் பற்றி நான் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளாகக் கிளிநொச்சிக் குளங்களிலும் சுண்டிக்குளத்திலும் வங்காலையிலும் பார்த்து வருகிறேன்.

உங்கள் மாணவர் கண்ட ஏழும் ஒரே தண்ணீரில் நின்றாலும் ஒரே தொழிலைச் செய்யவில்லை. நத்தைகுத்தி நாரையின் அலகை மூடிய நிலையில் பார்த்தால் நடுவே ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு அது கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. அந்தப் பறவை ஓட்டை நொறுக்குவதில்லை. நத்தையைப் பிடித்து, கூர்மையான கீழலகின் நுனியை ஓட்டின் வாயில் நுழைத்து, சதையை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்து முழுதாக வெளியே இழுக்கிறது. வயல்களிலும் குளங்களிலும் உள்ள பெரிய நத்தைகளே அதன் முதன்மையான உணவு என்பதால், மீனுக்காகக் காத்திருக்கும் கொக்குக்கும் அதற்கும் வழக்கே இல்லை.

மஞ்சள்மூக்கு நாரை மீன் தின்னும். கொக்கும் மீன் தின்னும். ஆனால் கொக்குக்குக் கண்ணால் காண வேண்டும். நாரையோ அலகைச் சற்றுத் திறந்தபடி கலங்கல் நீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறது. மீன் பட்டவுடன் அலகு மூடிக்கொள்கிறது. இதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க மரநாரையில் அந்த மூடலுக்கு ஏறத்தாழ 25 மில்லிசெக்கன்களே எடுக்கின்றன என்று அளந்திருக்கிறார்கள். எருமைகள் இறங்கிக் கலக்கிய இடத்தில் கொக்கு விலகிப் போவதையும் நாரை தொடர்ந்து மேய்வதையும் நீங்கள் அடுத்த முறை கவனிக்கலாம். கரண்டிவாயன் தட்டையான அலகை இடமும் வலமுமாக வீசிச் சிற்றுயிர்களை அரித்தெடுக்கிறது. குருட்டுக்கொக்கு கரையோரப் புல்லருகே அசையாமல் நிற்கிறது. நீர்க்காகத்தின் இறகு நனையும். அதனாலேயே இலகுவாக மூழ்கிக் கீழே துரத்திப் பிடிக்க முடிகிறது, அதனாலேயே பட்டமரத்தில் இறகை விரித்து உலர்த்தவும் வேண்டியிருக்கிறது. கூழைக்கடா நீரின் மேற்பரப்பில் மிதந்தபடி அலகின் கீழுள்ள பையால் அள்ளுகிறது.

ஒரே வாழ்பங்கை இரண்டு இனங்கள் நெடுங்காலம் வைத்திருக்க முடியாது என்பதை ரஷ்ய உயிரியலாளரான கௌஸ் 1934இல் பரமேசியம் என்னும் ஒருகல நீருயிரிகளை வைத்துக் காட்டினார். ஒரே குழாயில், ஒரே உணவில் இரண்டு இனங்களை வளர்த்தபோது ஒன்று அழிந்தது. ஆனால் தோற்றுப்போன அதே இனத்தை மூன்றாவது இனமொன்றோடு வளர்த்தபோது இரண்டும் பிழைத்தன. ஒன்று மேல் நீரில் மிதந்த பற்றீரியாவையும் மற்றது அடியில் படிந்த மதுவத்தையும் (ஈஸ்ட்) உண்டன. குழாயின் அளவு மாறவில்லை. பங்கு மட்டும் பிரிந்தது. உங்கள் அலைகரை அந்த இரண்டாவது குழாயைப் போன்றது என்பது என் கருத்து.

பாலையடி

கனகராயன் அண்ணா எழுதியவை அனைத்தும் நான் கண்டவையே. எனினும் ஒரு விடயத்தில் உடன்பட முடியவில்லை. பறவைகள் சண்டையின்றி நிற்பதற்குப் பங்கு பிரிந்திருப்பதுதான் காரணம் என்று ஒரு நாள் பார்வையில் முடிவு செய்ய முடியாது. அன்று எல்லாவற்றுக்கும் போதிய உணவு இருந்ததும் காரணமாக இருக்கலாம். குளம் வற்றும்போது மீன்கள் சிறு பரப்பில் ஒடுங்கிவிடுகின்றன. மேய்பவற்றுக்கு அது செழிப்பான காலம்.

நான் மன்னார் மாவட்டத்து மடுக் காட்டை அண்டி வாழ்பவன். வைகாசியிலும் ஆனியிலும் பாலை மரம் பழுக்கும்போது வந்து பாருங்கள். கரடி மரத்தில் ஏறிக் கொப்பை முறித்துத் தின்னும். செங்குரங்கும் மந்தியும் அதே மரத்தில் இருக்கும். கிளியும் கொண்டைக்குருவியும் இருவாட்சியும் வரும். இரவில் வௌவால் வரும். கீழே விழுந்ததைப் பன்றியும் மானும் பொறுக்கும். நாங்களும் வாளியோடு போவோம். அந்த நாட்களில் யாருக்கும் தனிப்பங்கு இருப்பதாகவே தோன்றாது. அனைவரின் உணவும் ஒன்றாகிவிடும்.

பாலை முடிந்தபின்தான் ஒவ்வொன்றும் எதற்காகப் படைக்கப்பட்ட உடலைச் சுமக்கிறது என்பது தெரியும். கரடிக்கு மேற்தாடையின் நடுவிலுள்ள இரண்டு வெட்டும் பற்கள் இல்லை. நீண்டு குவியும் உதடும், மூடிக்கொள்ளக்கூடிய மூக்குத் துவாரமும், வளைந்த நீண்ட நகமும் உண்டு. புற்றை நகத்தால் பிளந்து, மண்ணை ஊதி விலக்கி, பல் இல்லாத அந்த இடைவெளியினூடாகக் கறையானை உறிஞ்சுகிறது. அந்த ஓசை அமைதியான இரவில் வெகுதூரம் கேட்கும். மந்தியின் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்தது; அங்குள்ள நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. ஆகவே பழமில்லாத மாதத்திலும் முற்றிய இலையைத் தின்று அது மரத்திலேயே இருந்துவிடுகிறது. செங்குரங்குக்கு அந்த இரைப்பை கிடையாது. கன்னப்பையில் உணவை அடைத்துக்கொண்டு பூச்சி, விதை, காளான் என்று இடம் மாறி அலைகிறது, தோட்டத்துக்குள்ளும் வருகிறது.

சிறுபோகத்தில் நாம் செய்வதும் இதுதானே. மாரியில் குளம் வான் பாயும்போது யாருடைய வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. கோடையில் குளத்து நீர் இவ்வளவுதான் என்று தெரிந்த பின்னர்தான் கூட்டம் கூடிப் பங்கு போடுகிறோம். விலங்குகளின் பங்கையும் முட்டுப்பட்ட காலத்தில்தான் பார்க்க வேண்டும். ஆசிரியை தம் மாணவரை ஒரு முறை மட்டுமல்லாமல், குளம் நிறைந்திருக்கும் மார்கழியிலும் அழைத்துச் செல்வது நல்லது.

கனகராயன்

பாலையடித் தம்பி சொல்வது சரி. உணவு நிறைந்த காலத்தில் இனங்களின் உணவு ஒன்றன்மேலொன்று படிவதும் அருகிய காலத்தில் பிரிவதும் பல நாடுகளில் பறவையாளர்கள் கண்ட உண்மை. நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆவணிக்குப் பிறகு சேறும் காய்ந்து நத்தைகள் மண்ணுக்குள் மூடிக்கொண்டு உறங்கும்போது நத்தைகுத்தி நாரைகள் இந்தக் குளங்களை விட்டு வேறிடம் போய்விடுவதையும் கண்டிருக்கிறேன். மீனுக்கு மாறிக் கொக்கோடு போட்டியிடாமல் அவை இடத்தையே மாற்றுகின்றன.

வலைக்காரன் மகன்

மாணவியின் பேரனார் சொல்வதை என் தகப்பனாரும் சொல்வார். நான் வவுனிக்குளத்தில் தொழில் செய்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. முன்னர் கரப்புக் குத்தியே ஒரு வீட்டுக்குப் போதுமான விரால் பிடிப்பார்களாம். இப்போது எங்கள் வலையில் வருவதில் மிகப் பெரும்பங்கு திலாப்பியாதான். விரால் கிடைத்த நாள் நல்ல நாள்.

ஆனால் திலாப்பியா விராலைத் துரத்தியதை நான் கண்ணால் காணவில்லை. நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். திலாப்பியா ஆழம் குறைந்த மணற்கரையில் வாயால் வட்டமாகக் குழி தோண்டும். ஆண் அந்தக் குழியைக் காக்கும். முட்டையைப் பெண் வாயில் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்த பின்னும் ஆபத்து வந்தால் அவை தாயின் வாய்க்குள் ஓடிவிடும். விரால் அப்படியல்ல. புல்லும் பாசியும் அடர்ந்த ஓரத்தில் முட்டையிடும். சிவந்த குஞ்சுக்கூட்டத்தின் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கூட்டம் மேலே வந்து மூச்செடுக்கும்போது தண்ணீர் கொதிப்பதுபோல் இருக்கும். அதைக் கண்டவர்கள் தூண்டிலோடு வந்து காவல் நிற்கும் பெரிய மீனைப் பிடித்துவிடுவார்கள். காவல் போனால் அந்தக் கூட்டம் முழுவதும் போய்விடும். என் பார்வையில் இதுவே பெரிய இழப்பு. சிறுவயதில் நானும் அதைச் செய்திருக்கிறேன் என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

மருதநிழல்

இதை மாணவருக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கேள்வி கேட்ட மாணவி, "அப்படியென்றால் திலாப்பியா யாருடைய பங்கை எடுத்தது?" என்று மறுபடியும் கேட்கிறாள்.

நீரியல் மாணவி

நான் வவுனியாவைச் சேர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படிக்கிறேன். அந்தத் தங்கையின் கேள்வி எங்கள் துறையில் நெடுங்காலமாகப் பேசப்படுவது.

இலங்கையில் இயற்கையான பெரிய ஏரிகள் கிடையாது. ஆற்றங்கரைச் சதுப்புகளும் மடுக்களும் (ஆற்றின் ஆழமான பள்ளங்கள்) களப்புகளும் உண்டு. குளங்கள் அனைத்தும் மனிதர் கட்டியவை. இரணைமடு என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கனகராயன் ஆற்றிலிருந்த இரட்டை மடுக்களின் பெயர் அது. இன்றைய பெருங்குளம் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அணை கட்டிய பின்னர் உண்டானது. ஆகவே நமது சுதேச மீன்கள் ஆற்றுக்கும் மடுவுக்கும் வெள்ளச் சமவெளிக்கும் இசைவாக்கமடைந்தவை. கெண்டை இனங்களில் பல, மாரி வெள்ளம் வரும்போது நீரோட்டத்தை எதிர்த்து ஏறிப் போய் முட்டையிடுகின்றன. விராலும் பனையேறியும் காற்றிலிருந்து நேரடியாக மூச்செடுக்கும் உறுப்பைப் பெற்றிருக்கின்றன. மடு வற்றி, நீரில் ஒட்சிசன் குறைந்து, மற்ற மீன்கள் இறக்கும்போதும் அவை ஈரச்சேற்றில் உயிரோடு இருக்கும். மாறாக, மேலே வந்து காற்றை எடுக்கவிடாமல் தடுத்தால் நல்ல நீரிலும் விரால் மூச்சுத் திணறி இறந்துவிடும். இவை வற்றும் நாட்டுக்குரிய உடல்கள்.

அகன்று திறந்த குளத்து நீரில் மிதக்கும் பாசியையும் அடியில் படியும் மக்கையும் பெருமளவில் உணவாக்கக்கூடிய, நிலைநீரிலேயே இனம்பெருக்கக்கூடிய பெரிய மீன் இங்கே ஏறத்தாழ இல்லை. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இங்கே கொண்டுவரப்பட்டபோது அது அந்த வெற்றுப் பங்கில் போய் அமர்ந்தது என்பதே பல மீனியலாளரின் விளக்கம். அதன் குடல் உடலைவிடப் பல மடங்கு நீளமானது. இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. நீலப்பச்சைப் பாசியின் சுவரையே அது உடைத்துச் செரிக்கும். விராலோ மீன், தவளை, பூச்சி ஆகியவற்றை உண்ணும் வேட்டை மீன். உணவை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பங்குக்காரர் அல்ல.

ஆனால் வெற்றுப் பங்கு என்ற சொல்லை நான் முழுமனத்தோடு ஏற்கவில்லை. போட்டி நடக்கிறதா என்பதை அறிய ஒன்றை அகற்றிப் பார்க்க வேண்டும். 1961இல் கொனெல் என்பவர் ஸ்கொட்லாந்துக் கடற்பாறைகளில் இரண்டு வகைக் கொட்டலசுகளை (பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுயிர்கள்) ஆராய்ந்து எழுதினார். ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் வாழ்ந்தன. கீழுள்ளதை அகற்றியபோது மேலுள்ளது கீழேயும் வளர்ந்தது. மேலுள்ளதை அகற்றியபோதோ, கீழுள்ளது உலர்வைத் தாங்க முடியாமல் மேலே வரவில்லை. அகற்றிப் பாராமல் இரண்டும் தத்தம் விருப்பப்படி வாழ்வதாகவே எண்ணியிருப்போம். ஓர் இனம் தனித்திருந்தால் வாழக்கூடிய முழுப் பங்கும், மற்ற இனங்களின் நெருக்குதலுக்குப் பின் அதற்கு எஞ்சும் பங்கும் வேறு என்று சூழலியலாளர் ஹச்சின்சன் 1957இல் வகுத்தது இதைத்தான். நம் குளமொன்றில் திலாப்பியாவை முற்றாக அகற்றிப் பார்க்க யாரால் முடியும்? கெண்டைக் குஞ்சுகளுக்கும் திலாப்பியாக் குஞ்சுகளுக்கும் ஓரத்து உணவில் மோதல் இருக்கலாம் என்றே கருதுகிறேன்.

கமக்காரர்

மீனைப் பற்றிப் பேசுபவர்கள் வயலை மறந்துவிடுகிறீர்கள் பிள்ளைகளே. விரால் குளத்து மீன் மட்டுமல்ல. காலபோகத்தில் வாய்க்கால் வழியே வயலுக்குள் வந்து வளர்ந்து, தண்ணீர் வடியும்போது பள்ளத்துக்குப் போகும் மீன். எங்கள் வயலின் கடைசிப் பாத்தியில் ஒரு பள்ளம் இருந்தது. கோடையிலும் அதில் ஈரம் நிற்கும். மீள்குடியேறி வந்தபின் வயலைத் திருத்தும்போது இயந்திரத்தால் அதைச் சமப்படுத்தினோம். இப்போது களைக்கும் பூச்சிக்கும் மருந்து அடிக்கிறோம். தவளைச் சத்தமும் முன்போல் இல்லை. இதற்கெல்லாம் திலாப்பியா மீது பழியைப் போடுவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

பாலையடி

ஐயா எழுதியதை வாசித்து நெடுநேரம் யோசித்தேன். சேற்றில் உயிர்த்திருக்கும் ஆற்றல் விராலிடம் இன்னும் இருக்கிறது. இருக்க வேண்டிய சேறுதான் இல்லை.

கனகராயன்

வந்தேறிகள் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது என்பதற்கு இன்னொரு சான்று சொல்கிறேன். சல்வீனியாவை இங்குள்ள எல்லோரும் அறிவீர்கள். 1939இல் இலங்கைக்கு வந்த அந்த மிதக்கும் பன்னம் (பெரணி வகை) வாய்க்கால்களையும் குளங்களையும் மூடிக் கீழுள்ள நீருக்கு வெளிச்சமே விடவில்லை. அதன் தாயகமான தென்கிழக்குப் பிரேசிலில் அது இப்படிப் பெருகுவதில்லை. அங்கே அதைத் தின்னும் சிறு கூன்வண்டு ஒன்று இருக்கிறது.

இதில் மாணவர் அறியவேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. இந்தப் பன்னத்தை முதலில் நெருங்கிய உறவான வேறொரு பன்னமென்று தவறாக எண்ணியிருந்தார்கள். 1972இல்தான் இது தனி இனமென்று தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் சில நாடுகளில் விடப்பட்ட வண்டு, சரியான வண்டின் நெருங்கிய உறவினம். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே, ஆயினும் அதனால் இந்தப் பன்னத்தை அடக்க முடியவில்லை. சரியான வண்டை அவுஸ்திரேலியாவில் ஓர் ஏரியில் விட்டபோது அந்த ஏரி தெளிந்தது. இலங்கையில் 1986இல் விடப்பட்டது. சில ஆண்டுகளில் பல குளங்கள் திறந்தன. வண்டு சல்வீனியாவை மட்டுமே நம்பியிருப்பதால், பன்னம் குறைந்தபோது தானும் குறைந்தது. நெல்லுக்கோ தாமரைக்கோ திரும்பவில்லை. அத்தனை ஒடுங்கிய பங்கு அதனுடையது. திலாப்பியாவின் பங்கோ மிக அகன்றது. பாசியும் மக்கும் பூச்சிமுட்டையும் அதற்கு உணவு, உவர்நீரையும் தாங்கும், கடையில் கிடைக்கும் மலிவான மீனும் அதுதான். அதை அகற்றுவது பற்றிப் பேசுவதில் பயனில்லை என்று நினைக்கிறேன். விராலுக்கு வேண்டிய ஓரங்களைக் காப்பது பற்றிப் பேசலாம்.

வலைக்காரன் மகன்

நேற்று அதிகாலை வலையில் இரண்டு கிலோவுக்குக் கிட்டிய விரால் ஒன்று கிடைத்தது. இந்த இழை மனத்தில் இருந்ததால், விற்பதற்கு முன் வயிற்றைக் கீறிப் பார்த்தேன். உள்ளே ஒரு தவளையின் காலும், விரல் நீளத் திலாப்பியாக் குஞ்சுகள் நான்கும் இருந்தன. தகப்பனாரிடம் காட்டினேன். அவர் குஞ்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதையும் தின்னப் பழகிவிட்டதா" என்று மட்டும் சொன்னார்.

நீரியல் மாணவி

அண்ணா, இனிக் கிடைக்கும் ஒவ்வொரு விராலின் வயிற்றிலும் என்ன இருந்தது என்பதை நாளும் நீர்மட்டமும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி வைப்பீர்களா? ஒரு மீனை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு வருடத்துக் கணக்கு இருந்தால், மாரியிலும் கோடையிலும் விராலின் உணவு எப்படி மாறுகிறது என்பதையாவது சொல்லலாம்.

வலைக்காரன் மகன்

எழுதுகிறேன் தங்கச்சி. மீன் வாங்குபவர்கள் கீறிய மீனுக்கு விலை குறைப்பார்கள். வீட்டுக்கு எடுக்கும் மீனில் பார்க்கிறேன்.

மருதநிழல்

அனைவருக்கும் நன்றி. பாலையடி ஐயா சொன்னபடி மார்கழியில் குளம் நிறைந்ததும் மறுபடியும் போகிறோம். எந்தப் பறவை எத்தனை என்பதோடு, நீரின் ஆழம், தெளிவு, ஒவ்வொரு பறவையும் கரையிலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது, பத்து நிமிடத்தில் எத்தனை முறை இரை பிடிக்கிறது என்பவற்றையும் எழுதப் படிவம் ஒன்று செய்திருக்கிறோம். அதன் முதல் வரைவை அந்த மாணவியே எழுதினாள். பறவைகளுக்குக் கீழே அவள் ஒரு நிரலைக் கூடுதலாக வைத்திருக்கிறாள்: கரையோரப் புல்லின் அகலம், அடிக்கணக்கில். எதற்கென்று கேட்டேன். விரால் குஞ்சுக்கு என்றாள். கமக்காரர் ஐயா தம் ஊர் எதுவென்று தனிமடலில் அறியத் தந்தால், அந்தப் பள்ளம் இருந்த வயலையும் பார்க்க வருகிறோம்.

கமக்காரர்

தாராளமாக வாருங்கள் பிள்ளை. காலபோகம் விதைத்து, பயிர் முழங்காலுக்கு வந்தபின் வந்தால் வாய்க்காலில் மீன் ஏறுவதையும் காட்டலாம். இந்த முறை அந்த மூலையில் இரண்டு பாத்தியை விதைக்காமல் விடச் சொல்லி மகனிடம் சொல்லியிருக்கிறேன்.